ஒரு முணுமுணுப்புக்கு ஆறு ஸ்பீக்கர்

தராசுக்குக் காது கேட்கவில்லை என்ற செய்தி தெருவுக்கெல்லாம் கேட்டுவிட்டது. தராசுக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

தராசு என்பது ஊரார் வைத்த பெயர். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடைகடையாகப் போய்த் தராசைத் தூக்கிப் பார்த்து, எடைக்கல்லைத் தட்டிப் பார்த்து, தப்பிருந்தால் கடைக்காரருக்கு வியர்க்க வியர்க்க முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு வருவது அவர் உத்தியோகம். அந்த உத்தியோகம் அவருக்கு ஒரே ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது: கணக்கு இடித்தால் முதலில் கருவியைச் சந்தேகி, ஆளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே காரில் பாட்டுச் சரியாகக் கேட்கவில்லை என்றதும் அவர் ரேடியோவைத்தான் சந்தேகப்பட்டார். தன் தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருப்பவையும் கருவிகள்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவற்றுக்கு யாரும் முத்திரை போட்டதில்லையே!

கார் அவரைவிட மூத்தது. உருண்டைக் கண்ணும் உப்பிய கன்னமும் வெண்ணெய் நிறமுமாக, கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய பெரியம்மா மாதிரி இருக்கும். முன்சீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்தாலும் நடுவில் மூன்றாவது ஆள் படுத்துத் தூங்கலாம். டாஷ்போர்டின் நடுவே இரண்டு திருகுகளோடு ஒரு வால்வு ரேடியோ. அதைப் போட்டால் உடனே பாடாது. கண்ணைக் கசக்கி, கொட்டாவி விட்டு, யார் கூப்பிட்டது என்று விசாரித்த பிறகுதான் பாடும்.

"ரேடியோ செத்துப்போச்சு. முனகுது," என்றார் தராசு.

"நல்லாத்தான் பாடுதுங்க," என்றாள் மனைவி.

"என்னது?"

"ஆமாங்க, முனகுதுன்னேன்."

மனைவி நூலகராக இருந்தவள். வேலைக் காலம் முழுவதும் 'அமைதி காக்கவும்' என்ற பலகையின் கீழேயே உட்கார்ந்து, ஆயுசுக்கும் சேர்த்து அமைதி காத்துவிட்டவள். அவள் குரல் சாதாரணமாகவே கிசுகிசுப்புக்கு ஒரு படி மேலே, பேச்சுக்கு ஒரு படி கீழே இருக்கும். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் வாக்கியம் முடிந்த பிறகு, உதட்டோரத்தில் இன்னொரு வாக்கியம் மெல்ல வரும். வால் மாதிரி. தலை புருஷனுக்கு, வால் தனக்கு. தராசுக்கு வருஷக்கணக்கில் தலையே அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்தது. வால் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

கேட்காததைச் சமாளிக்க அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் தலையாட்டல். எதிரில் இருப்பவர் வாய் அசைந்து நின்றால் போதும், இவர் தலை ஆடும். "சரி சரி, ஆகட்டும்" என்று வாயும் சேர்ந்துகொள்ளும். இப்படி ஆட்டி ஆட்டியே மாடி அறையை மைத்துனனின் பழைய சாமான்களுக்குக் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்குப் பாதுகாவலர் ஆகியிருந்தார். ஒருமுறை யாரோ ஒரு சங்கத்துக்குத் துணைத்தலைவராகவே ஆகிவிட்டார். எந்தச் சங்கம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

மகள்தான் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தாள். அவள் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறாள். நசுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து யார்மேல் தப்பு என்று எழுதுகிற வேலை. சொந்த அப்பாவைப் பற்றி அப்படி எழுதிவிடக்கூடாதே என்ற பயம் அவளுக்கு.

"அப்பா, பின்னாடி வந்த லாரிக்காரன் அடிச்ச ஹார்ன்ல மரத்துல இருந்த காக்கா எல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. நீங்க பாட்டுக்கு நடு ரோட்டுல போறீங்க."

"ரேடியோ சரியில்லம்மா."

"லாரி ரேடியோவுக்குள்ளயா வந்துச்சு? விளையாடாதீங்கப்பா. ஒண்ணு, காது டாக்டர்கிட்ட போங்க. இல்ல, சாவியை என் கைல குடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். நானே டெஸ்ட் வைப்பேன். தேறலைன்னா சாவி என் பையில."

இது மட்டும் அவருக்குக் கணீரென்று கேட்டது. மகள் கத்தினாள் என்பதால் மட்டுமல்ல. ஓய்வு பெற்ற பிறகு அவர் கைக்குக் கட்டுப்பட்டு நடந்த ஒரே ஜீவன் அந்தக் கார்தான். அந்தச் சாவியும் போய்விட்டால் சட்டைப்பையில் மிஞ்சப்போவது மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டுமே.

"கருவியைச் சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்," என்று சொல்லிவிட்டு, காதும் காதும் வைத்த மாதிரி சவுண்டு கடைக்குக் கிளம்பினார். வண்டி கிளம்பிய சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது.

கடைக்காரருக்கும் சவுண்டு என்றுதான் பெயர். கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டி மாட்டி, மாட்டியதையெல்லாம் முழு வால்யூமில் வைத்துச் சோதித்துச் சோதித்து, அவர் காதுகள் எப்போதோ ராஜினாமா செய்துவிட்டிருந்தன. ஆக, ஊரிலேயே காது கேட்காத இரண்டு பேர் ஒலித்தரம் பற்றி ஆலோசிக்க உட்கார்ந்தார்கள்.

"தும்தும்னு அடிக்க பாஸ் எவ்ளோ வேணும்ணே?" என்று சவுண்டு கத்தினார்.

"பஸ் எதுக்கு? அதான் கார் இருக்கே!"

"கீச்சுச் சத்தத்துக்கு முன்னாடி ரெண்டு ட்வீட்டர் வச்சிடுவோம்."

"இந்த வெயில்ல ஹீட்டர் எதுக்குப்பா? குரல் கிளியரா வரணும், அவ்ளோதான்."

"கிளிப்புதானே? கிளிப் போட்டுத்தான் வயரைக் கட்டுவேன். பயப்படாதீங்க."

இருவருக்கும் பரம திருப்தி. தன்னிடம் இவ்வளவு மரியாதையாக, உரத்துப் பேசுகிற ஆளைத் தராசு ரொம்ப நாளாகப் பார்த்ததே இல்லை.

வேலையில் சவுண்டைக் குறை சொல்ல முடியாது. ரேடியோவின் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்த வால்வையெல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே உள்ளங்கையளவு ஒரு புதுப் பெட்டியை வைத்தார். பழைய திருகைத் திருகினால் புதுப் பெட்டி பாடும், கைப்பேசியோடும் பேசும். கதவுகளின் தகரத்துக்குப் பின்னால் அதிர்வு வராமல் தார் அட்டை ஒட்டினார். கதவுக்கு ஒன்றாக நான்கு ஸ்பீக்கர், பின்கண்ணாடிக்குக் கீழே பலகையில் இரண்டு, சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் ஊறுகாய்ப் பானை அளவுக்கு ஒரு பாஸ் பெட்டி. வெயில் மறைப்புக்குப் பக்கத்தில் கடுகு போல ஒரு மைக்.

சோதனை ஆரம்பித்தது. முதல் தாளத்துக்கே முன்விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. பழைய டைனமோவால் இத்தனை பேருக்குச் சோறு போட முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கார் கண்ணடித்தது. எதிரே போன ஒரு அம்மாள் கோபமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிய பிறகுதான் வண்டிக்கு ஒழுக்கம் வந்தது.

"எப்படிண்ணே?"

"இன்னும் கொஞ்சம் கூட்டலாம்."

சவுண்டும் அதையேதான் நினைத்தார். கூட்டினார். எதிர்க்கடைக் கண்ணாடி நடுங்கியது. பக்கத்துச் சலூனில் ஒருவருக்கு அரை மீசையோடு சவரம் நின்றுபோனது. அடுத்த தெருவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து நேராக நடக்கவே ஆரம்பித்துவிட்டது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். தராசு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ம்... இப்போ பரவாயில்ல. காதுக்கு இதமா இருக்கு."

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது கைப்பேசி அடித்தது. பழைய திருகை ஒரு அமுக்கு அமுக்கினார். ஆறு ஸ்பீக்கரிலும் மனைவி வந்து உட்கார்ந்தாள்.

"டீ ஆறுது, உள்ள வாங்க."

அடடா! 'ஆறுது'வில் உள்ள 'று'கூடக் கேட்டது. தராசுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்த வால் வந்தது. நான்கு கதவிலிருந்தும், பின்பலகையிலிருந்தும், ஊறுகாய்ப் பானையிலிருந்து அடித்தொண்டையோடும்:

"வரலைன்னாலும் பரவாயில்ல. கார்லயே ஒரு கட்டிலைப் போட்டுக்கிட்டார்னா எனக்கும் வீடு பெருக்க வசதி."

தராசு பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

உள்ளே போய் டீயைக் குடித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். சாதுவாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உதடு ஏதோ அசைந்தது. அந்த அசைவை அவர் வருஷக்கணக்கில் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தராசு வீட்டில் தங்கவில்லை. பேட்டரி சார்ஜ் ஏறணும், சீட்டுக்கு வெயில் காட்டணும், புது வயர் பழகணும் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு காரிலேயே குடியிருந்தார். அங்கிருந்தபடியே மனைவிக்குப் போன் போடுவார்.

"என் நீலச் சட்டை எங்க?"

"அலமாரில ரெண்டாவது தட்டுங்க." பிறகு வால்: "சட்டை புதுசாத்தான் இருக்கு. உள்ள போற ஆள்தான் உதிரி பாகம் கிடைக்காத மாடல்."

"உன் தம்பி வந்தானா?"

"வந்துட்டுப் போயிட்டான்." பிறகு: "இவர் தராசுக் கதையை ஆரம்பிச்சா அடுத்த ஜென்மத்துலதான் இறங்க முடியும்னு ஓடிட்டான், பாவம்."

முதலில் கோபம் பொங்கியது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். போய் என்னவென்று கேட்பது? 'நீ முணுமுணுத்தது கேட்டது' என்றால், 'அப்போ இத்தனை நாள் கேட்கலையா?' என்பாள். இத்தனை நாள் கேட்கவில்லை என்றால் காது டாக்டர். கேட்டது என்றால், இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்? எந்தத் தட்டில் எதை வைத்தாலும் அவருடைய தட்டுத்தான் மேலே போனது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்று நடந்தது. அவருக்கு அந்த வால் பிடித்துப்போய்விட்டது. என்ன வாய், என்ன வாய்! இப்படி ஒரு பேச்சுக்காரி கூடவே குடித்தனம் நடத்தியிருக்கிறாள், அவரோ 'சரி சரி' என்று தலையாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கிறார். பாட்டுப் போடுவதையே விட்டுவிட்டார். ஆறு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பாஸ் பெட்டியும் ஒரு முணுமுணுப்புக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தன.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தராசு முன்கூட்டியே காரில் போய் உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் போன் போட்டார்.

"வண்டியை ஓடவிட்டுப் பாத்துட்டிருக்கேன், இப்போ இறங்க முடியாது. என்ன டெஸ்ட்டோ போன்லயே வை."

மகளுக்கு உள்ளூரச் சிரிப்பு. காது மந்தமானவர்களுக்கு முதலில் கேட்காமல் போவதே போன்தான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அப்பா தானாகவே வந்து மாட்டிக்கொள்கிறாரே! வீட்டுக்குள் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள்.

"கத்தரிக்காய்."

"கத்தரிக்காய்."

"கத்திரிக்கோல்."

"கத்திரிக்கோல். கஷ்டமா ஏதாவது கேளும்மா."

மூச்சுவிடும் அளவுக்குத் தாழ்த்தினாள். "உங்க மாப்பிள்ளைக்கு இந்தக் கார் மேல ஒரு கண்ணு."

"அந்தக் கண்ணை எடுத்துக்கச் சொல்லு. வேற?"

மகள் அசந்துபோனாள். "அம்மா, அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லம்மா! பாம்புக் காது! நாமதான் அநியாயமா சந்தேகப்பட்டுட்டோம்."

தராசு சாவியைத் தடவிக்கொடுத்தார். ஜெயித்தாயிற்று. திருகை ஒரு திருப்புத் திருப்பிப் பேச்சைத் துண்டித்திருக்கலாம். ஆனால் பழகிப்போன நாக்குக்கு ருசி விடுமா? வாலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"ரொம்ப நல்லதும்மா," என்றாள் மனைவி. பிறகு, மகளின் கைப்பேசிக்குப் பக்கத்திலேயே, உதட்டோரத்தில்: "ஊர்ல எல்லாரும் கார்ல தலையாட்டி நாய் பொம்மையைப் பின்கண்ணாடிகிட்ட வைப்பாங்க. நம்ம வீட்ல அதை ஸ்டீயரிங் முன்னாடி உக்கார வச்சிருக்கோம்."

தராசு வாயைப் பொத்தினார். மூக்கு வழியாக வந்தது. மூக்கைப் பொத்தினார். தோளெல்லாம் குலுங்கி, வயிறு ஹார்ன் மேல் பட்டு, ஹார்ன் அலற, அதற்கு மேல் அவர் சிரிப்பு அலறியது.



"எதுக்குப்பா சிரிக்கிறீங்க?" என்றாள் மகள். "அம்மா, நீ ஏதாவது சொன்னியா? பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கலயே!"

மனைவி மகளின் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காரின் கண்ணாடி இறங்கியிருந்தது. அவள் குனிந்து, நூலகத்தில் பேசுகிற அதே குரலில் ஒன்று கேட்டாள்.

தராசு அவள் வாயைப் பார்த்தார். அது அசைந்து நின்றது. தலை தானாக ஆடியது.

"சரி சரி, ஆகட்டும். தாராளமா."

பின்னாலேயே வந்த மகள் திகைத்து நின்றாள்.

"அப்பா! அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? இந்தக் காரை நாளைக்கே மாப்பிள்ளைக்குக் குடுத்துடலாமான்னு கேட்டாங்க!"

இதைச் சத்தமாகச் சொன்னாள். கேட்டுவிட்டது.

மகள் கையை நீட்டினாள். தராசு சாவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஆயிரம் கடைக்காரர்கள் அவர் முன்னால் நின்ற மாதிரியே இப்போது அவர் உட்கார்ந்திருந்தார்.

"கருவிலதான் கோளாறு," என்றார் கடைசியில். "நாளைக்கே டாக்டர்கிட்ட போறேன். காது மிஷின் மாட்டிக்கிறேன். அதுவரைக்கும் சாவியை நீ வச்சுக்க. மிஷின் மாட்டின அப்புறம் திருப்பிக் குடுத்துடணும்."

"இவ்ளோ சுலபமா ஒத்துக்கிட்டீங்களே!" மகளால் நம்ப முடியவில்லை.

ஏன் ஒத்துக்கொண்டார் என்று அவர் சொல்லவில்லை. சாவிக்காக என்று மகள் நினைத்துக்கொண்டாள். அவருக்கோ இனிமேல் வாலைக் கேட்கக் கார்வரை ஓடவேண்டாம், சமையலறையிலேயே கேட்கலாம் என்ற பேராசை.

"மிஷின் மாட்டினா எல்லாமே கேக்குமா?" என்று மனைவி மகளிடம் மெதுவாக விசாரித்தாள். அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

டாக்டரிடம் போய், இந்த மிஷினை யார் சோதித்து முத்திரை போட்டது என்று ஒரு பாடு விசாரித்துவிட்டுத்தான் தராசு காதைக் கொடுத்தார். மாட்டியதும் உலகம் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தது. அவர் செருப்புகூடச் சத்தம் போடுகிறது! சாவி கைக்குத் திரும்பி வந்தது. காரைக் கிளப்பியதும் பழைய வால்யூமில் ஸ்டீரியோ ஒரு உறுமல் உறுமியதில் சீட்டிலிருந்து கூரைவரை போய்வந்தார். அந்தத் திருகு அன்றிலிருந்து சத்தம் மிகக் குறைந்த கோட்டிலேயே கிடந்தது. ஆறு ஸ்பீக்கரும் வேலையில்லாமல் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்களாயின.

ஆசையோடு வீட்டுக்குள் போனார்.

"டீ மேஜை மேல இருக்குங்க," என்றாள் மனைவி.

அவர் காத்திருந்தார். மிஷின் காத்திருந்தது. மனைவி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான். வால் அறுந்துவிட்டது. அதன் பிறகு அவள் பேசியதெல்லாம் அறிவிப்புப் பலகைதான். "சட்டை அலமாரில." "தம்பி வந்தான்." "மருந்து சாப்பிடுங்க." மைத்துனனின் சாமானைப் பற்றி வேண்டுமென்றே வம்பிழுத்துப் பார்த்தார். "எடுத்துடச் சொல்றேங்க," என்றாள், தேன் மாதிரி. காரில் ஏற்றிக்கொண்டு போய், நடு ரோட்டில் தேவையில்லாமல் பிரேக் போட்டுப் பார்த்தார். "பாத்துப் போங்க," என்றாள். அவ்வளவு மரியாதையை அவரால் தாங்க முடியவில்லை.

பொறுக்காமல் சவுண்டு கடைக்கே போனார்.

"முன்னாடி கேட்டது இப்போ கேக்கலப்பா."

"என்னண்ணே?"

"முன்னாடி! கேட்டுச்சு! இப்போ! கேக்கல!"

"மிஷின் போட்டுமா? அப்போ பாட்டுலதான் கோளாறு. இல்லாத சத்தத்தை எந்த ஆம்ப்ளிஃபயராலயும் கூட்ட முடியாதுண்ணே. ஏற்கெனவே உள்ள இருந்தாத்தான் கூட்டும்."

தராசு வழியெல்லாம் யோசித்துக்கொண்டே திரும்பினார். வீட்டு வாசலில் நின்று, மனைவியைக் கடைத்தெருவுக்குக் கூப்பிட்டார். அவள் முன்சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டைப் பூட்டிக்கொண்டாள். தெருமுனை திரும்பியதும் தராசு காதைத் தட்டினார். முகத்தைச் சுளித்தார். மிஷினை விரலால் நோண்டினார்.

"ச்சே, பேட்டரி தீர்ந்துபோச்சு," என்றார் உரக்க.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "சுத்தமா கேக்கலையா?"

"என்னது?"

"சுத்தமா கேக்கலையான்னேன்!"

"ஆமாமா, சரி சரி, ஆகட்டும்," என்று தலையை ஆட்டினார்.

கொஞ்ச தூரம் போனார்கள். மனைவி தன் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கைப்பையின் வாரைத் திருகினாள். அடைத்து வைத்த குழாய் போல முதலில் ஒரு பெருமூச்சு வந்தது. பின்னாலேயே, உதட்டோரத்தில்:

"பேட்டரி தீர்ந்துபோச்சாம். காதுக்குப் பின்னாடி பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு மின்னிக்கிட்டு இருக்கு. இவர் போய் ஊர்த் தராசையெல்லாம் பரிசோதனை பண்ணாராம், கடவுளே."

தராசு சாலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கன்னத்தை உள்ளுக்குள்ளிருந்து பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டார். ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது.

"ஏதாவது சொன்னியா?"

"ஒண்ணுமில்லங்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்கன்னேன்."

"அதானே பாத்தேன்."

கடைத்தெருவுக்கு நேர்வழி இருந்தது. தராசு சுற்றுவழியில் வண்டியைத் திருப்பினார். எதற்கு இந்த வழி என்று அவள் கேட்கவில்லை. அது பற்றியும் முணுமுணுக்க அவளிடம் நிறைய இருந்தது.